கூத்துப் பார்த்து வளர்தல்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாட்டார் கலைகளும் பிள்ளைகளின் இரசனையும்

யாழ்ப்பாணத்து நாட்டார் கலைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு கலையின் வடிவத்தைப் பற்றியது. கூத்தின் இரு மரபுகளான தென்மோடிக்கும் வடமோடிக்கும் என்ன வேறுபாடு, எந்த ஊரில் எந்தக் கூத்து ஏடு இருந்தது, கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியார் யாரிடம் பழகினார் என்பவை ஓரளவுக்குப் பதிவாகியுள்ளன. அந்தக் கலைகளை விரும்பிப் பார்க்கும் மனிதர் எப்படி உருவாகிறார் என்பதை நாம் போதியளவு கேட்டதில்லை. ஒரு பிள்ளை எந்த வயதில், யாருக்குப் பக்கத்தில் இருந்து, எத்தனை இரவு விழித்துக் கூத்தை இரசிக்கப் பழகிற்று? எந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்காமற் போயிற்று? பள்ளிக்கூடம் அதில் என்ன செய்தது, போர் என்ன செய்தது? ஆடுவோர் குறைந்துவிட்டார்கள் என்று வருந்துகிறோம். பார்ப்போர் குறைந்த பிறகே ஆடுவோர் குறைந்தார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பக்கமிருந்து குடாநாட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்.

கரையோரத்தில் தொடங்கலாம். குருநகர், பாஷையூர், நாவாந்துறை, தீவகத்து மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கடற்றொழில் ஊர்களில் தென்மோடிக் கூத்து வேரோடியிருந்தது. எஸ்தாக்கியார், செபஸ்தியார், ஞானசௌந்தரி, தேவசகாயம்பிள்ளை, மூவிராசாக்கள் என்று புனிதர் கதைகளும், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியனின் கதையும் ஆடப்பட்டன. மேடையேறுவது பெருநாளை ஒட்டிய ஓர் இரவில். பழகுவதோ மாதக்கணக்கில். பொழுதுபட்ட பின் அண்ணாவியாரின் முற்றத்திலோ கோயில் வளவிலோ மத்தளம் கேட்கத் தொடங்கும். ஆடப்போகிறவர்களோடு ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வந்து குந்துவார்கள். எவரும் அவர்களை அழைத்ததில்லை, துரத்தியதுமில்லை. ஒரே தருவை, அதாவது கூத்துப் பாட்டை, அண்ணாவியார் எத்தனை தரம் திருப்பிச் சொல்லிக்கொடுத்தாலும் அத்தனை தரமும் பிள்ளைகளின் காதிலும் விழும். எவனுக்குக் குரல் ஏறவில்லை, எவன் தாளத்தை விட்டு ஓடுகிறான், அண்ணாவியார் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அரங்கேறும் இரவில் அவர்கள் களரிக்கு முன்னால் இருக்கும்போது கதையின் முடிவு தெரிந்தே இருப்பார்கள். கதை தெரிந்தவனுக்குத்தான் பாடுபவனின் திறம் கண்ணில் படும்.

இரசனை என்று நாம் பெரிதாகச் சொல்வது அந்த முற்றத்தில் தற்செயலாக நடந்த கல்விதான். அதற்குப் பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. ஆனால் நேரம் இருந்தது. நாட்டார் கலையில் எல்லாவற்றையும் சுருக்கலாம், அந்த நேரத்தைச் சுருக்கினால் மிச்சம் வராது என்பதைப் பின்னால் வரும் வரலாறு முழுவதும் காட்டுகிறது.

உள்நாட்டு ஊர்களுக்கு வந்தால் காத்தவராயன் கூத்து. 'காத்தான் கூத்து' என்றால்தான் எவருக்கும் விளங்கும். முத்துமாரியின் மகனான காத்தவராயன் ஆரியமாலையை அடையப் படும் பாடும், கடைசியில் கழுமரம் ஏறுவதும் கதை. அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்து ஆடுவது வழக்கம். சிந்துநடையில் அமைந்தது. பாடிக்கொண்டே துள்ளி நடக்கும் அந்த நடையைப் பார்த்த பிள்ளை மறுநாள் ஒழுங்கையில் அதையே நடந்து காட்டும். பல நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே காத்தவராயனாக வருவார்கள். முன்னே வந்த காத்தானையும் பின்னே வந்த காத்தானையும் ஒப்பிட்டு யார் திறம் என்று விடியும்வரை வாதாடுவது பார்வையாளருக்குக் கிடைத்த பெரிய இன்பம். விமர்சனம் என்பதை எங்கள் ஊர்கள் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று துணிந்து சொல்வேன். பத்து வயதுப் பெடியன்கூடத் தனக்குப் பிடித்த காத்தானுக்காகச் சண்டை பிடிப்பான்.

வட்டுக்கோட்டை தனியாக நின்று பார்க்க வேண்டிய ஊர். 18ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் கணபதி ஐயர் வாளபிமன் நாடகம் போன்றவற்றை இயற்றினார். அங்கே சிந்துபுரத்தில் வடமோடி மரபு தருமபுத்திர நாடகத்தோடு நிலைத்தது. அதே வட்டுக்கோட்டையில்தான் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தங்கள் செமினறியைத் தொடங்கினார்கள். வானசாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. கூத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து மதிலுக்கு உள்ளே ஒரு கல்வியும் வெளியே வேறொரு கல்வியும் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வளர்ப்பு இரண்டாகப் பிரிந்ததை இந்த ஓர் ஊரிலேயே காணலாம்.

சைவப் பள்ளிக்கூடங்களும் இதில் மாறுபட்டவையல்ல. ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் சின்னமேளம் என்ற நடனத்தையும் உயிர்ப்பலியையும் கடுமையாக எதிர்த்தவர். அவர் வழிவந்த கல்வி, புராணபடனத்தையும் தேவாரத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. மார்கழி விடியற்காலையில் சங்கூதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு திருவெம்பாவை பாடி ஊர்சுற்றிய பெடியளுக்கு அது கொடுத்த இன்பம் சின்னதல்ல. கூத்தை மட்டும் அது வாசலுக்குள் எடுக்கவில்லை. படித்த வீடுகளில் 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாக நிலைத்தது.

அந்தச் சொல்லின் அடியில் இருந்தது சாதி. இதை ஒதுக்கிவிட்டு யாழ்ப்பாணத்து நாட்டார் கலையைப் பேசுவது பொய் பேசுவதாகும். பறைமேளம் அடிப்பது ஒரு சமூகத்தின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. மரண வீட்டு வாசலில் நின்று அடிக்க வேண்டும், உள்ளே வரக் கூடாது. அந்தத் தாளங்களின் நுட்பத்தை இன்று நகரத்து இளைஞர் வியந்து கற்கிறார்கள், அது நல்லது. ஆனால் அந்தச் சமூகத்தில் பிறந்த பலர் மேளத்தை வேண்டுமென்றே கைவிட்டதும் நியாயமே. தன் தகப்பனின் முதுகு வளைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய், கலையைக் காப்பாற்று என்று கேட்கும் உரிமை மற்றவருக்கு இல்லை. யார் எந்த இடத்தில் நின்று இரசித்தார்கள் என்ற கணக்கைத் தீர்க்காமல் மீட்பு என்று பேசினால் அது பாதி வேலை.

இந்தக் கணக்கைக் கலைக்குள்ளேயே எழுப்பியவர்களும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதையொட்டி என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' காத்தான் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகள் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. ஊர் முழுவதும் தாயின் மடியிலேயே கேட்டுப் பழகிய மெட்டு, ஊர் கேட்க விரும்பாத கேள்வியைச் சுமந்து வந்தது. சிறுவயதில் ஏறிய இசையின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இசைநாடகத்தின் கதை சற்று வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் தாண்டி வந்து தகரக் கொட்டகைகளில் ஆடிய நாடகங்களை யாழ்ப்பாணம் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதன் உச்சம் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவின் 'மயான காண்டம்' ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தது. அரிச்சந்திரன் சுடலை காக்கும் கட்டத்தில் அவர் குரலைக் கேட்ட தலைமுறை இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது தணிந்த குரலில்தான் பேசும். ஆர்மோனியத்தோடு வந்த இந்த வடிவத்தை நாட்டார் கலையென்று ஏற்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை. மக்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், பிள்ளைகள் பாடித் திரிந்தார்கள், கோயில் வீதிகளில் மணலில் இருந்து பார்த்தார்கள். வேறென்ன வேண்டும்?

பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது 1950களின் பிற்பகுதிக்குப் பிறகு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகமரபைக் கொண்டு 'மனமே'யை உருவாக்கியது தமிழரையும் உசுப்பியது. வீமன்காமத்தில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989) 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று 1960களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து பாடசாலைகளுக்குள் கூத்தைக் கொண்டுபோனார். மூவிராசாக்கள், ஞானசௌந்தரி போன்ற நாடக ஏடுகளை அச்சில் பதிப்பித்தார். கூத்தாடி என்ற வசைக்கு எதிராக ஒரு பேராசிரியரின் கௌரவம் நிறுத்தப்பட்டது. படித்த குடும்பத்துப் பிள்ளை சலங்கை கட்டலாம் என்றாயிற்று. இந்த மாற்றத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. பேராதனைக் கூத்துகளின் ஆட்டம் பெரும்பாலும் மட்டக்களப்பு வடமோடியிலிருந்து வந்தது. அதில் ஊறி வந்த சி. மௌனகுரு போன்றோர் அதன் ஆற்றலை அற்புதமாக வெளிக்கொணர்ந்தார்கள். ஆனால் அதன் பிறகு யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைக்குக் கூத்து என்றால் மனக்கண்ணில் வந்தது மட்டக்களப்புக் கூத்தாக இருந்தது. அரைக் கட்டை தூரத்தில் பாஷையூரில் நடக்கும் தென்மோடியை நகரத்துக் கல்லூரி மாணவன் அறியாமலே படித்து முடித்தான். இரவு முழுவதும் ஆடும் கூத்து ஒன்றிரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியதும் இக்காலத்தில்தான். மேடைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். முற்றத்துக்கு அது தேவைப்படவில்லை.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்து நடுத்தர வீடுகள் பிள்ளைகளை அனுப்பிய இடம் வேறு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரவாரியாகப் பரீட்சை நடத்தியது. மருதனார்மடத்தில் 1960இல் உருவாகி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் பட்டம் கொடுத்தது. அவற்றின் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழ் உள்ள கலைக்குப் பெற்றோர் வகுப்புக் காசு கட்டினார்கள். கூத்துக்கு அப்படி ஒரு படிவரிசை இருக்கவில்லை, ஆகவே அது 'படிக்கும்' பொருளாகவும் கருதப்படவில்லை.

1978இல் நாடக அரங்கக் கல்லூரி உருவானது இந்த வரலாற்றில் அடுத்த திருப்பம். குழந்தை ம. சண்முகலிங்கம் அதன் மையமாக இருந்தார். ஆசிரியர்களையும் இளைஞரையும் பழக்கியதோடு, சிறுவர் நாடகத்துக்கென்றே அவர் பெரும் உழைப்பைக் கொடுத்தார். 'கூடி விளையாடு பாப்பா' போன்றவற்றில் ஊர் விளையாட்டும் நாட்டார் மெட்டும் பிள்ளைகளுக்குத் தாங்களே ஆடும் பொருளாக மாறின. 1985இல் வந்த 'மண் சுமந்த மேனியர்' நாட்டார் பாடலின் ஈரத்தை மண்ணை இழந்தவரின் துயரத்துக்குக் குரலாக்கியது. உயர்தர வகுப்பில் 'நாடகமும் அரங்கியலும்' என்று ஒரு பாடம் வந்து, கூத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதி மதிப்பெண் பெறும் நிலையும் உருவாயிற்று. வருத்தம் என்னவென்றால் எழுதும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஒரு கூத்தையேனும் விடிய விடியப் பார்த்ததில்லை.

கத்தோலிக்கப் பக்கத்தில் 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் மிக நீண்ட பணி செய்தது. கரையோர அண்ணாவிமாரை நகர மேடைக்கு அழைத்தது, திருப்பாடுகளின் நாடகங்களைப் பெரும் அளவில் நடத்தியது, 'கலைமுகம்' சஞ்சிகையில் இக்கலைகளைப் பற்றி இடைவிடாமல் எழுத வைத்தது. போர்க்காலத்திலும் கதவை மூடவில்லை. பாஷையூர்க் கூத்தை ஒரு சைவப் பிள்ளையும் மாரியம்மன் கதையை ஒரு கத்தோலிக்கப் பிள்ளையும் பார்க்கக்கூடிய ஒரு பொது இடத்தை உருவாக்கியதைத்தான் அதன் தலையாய சாதனையாகக் கருதுகிறேன்.

போர் இக்கலைகளின் நேரத்தையும் நிலத்தையும் எடுத்தது. வைரமுத்து 1989இல் மறைந்தார். அடுத்த ஆண்டே காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி மக்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. ஒரு தலைமுறை முழுவதும் அகதி முகாமிலும் அடுத்தவர் வளவிலும் வளர்ந்தது. ஊர்க் கோயில் இல்லாத இடத்தில் ஊர்க் கூத்துக்கு நேர்த்தி எங்கே? 1990களின் முற்பாதியில் மின்சாரம் இல்லை. திரைப்படமும் தொலைக்காட்சியும் ஓய்ந்த அந்த ஆண்டுகளில் நாடகத்துக்கும் கூத்துக்கும் கூட்டம் திரண்டது என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் டைனமோவில் ஒலிநாடாவை ஓடவிட்டுக் காத்தான் பாட்டுக் கேட்ட பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். பிறகு 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண மக்களின் பெரும் இடப்பெயர்வு. திரும்பி வந்தபின் இரவில் ஊரடங்கு. விடிய விடிய நடக்கும் கலைக்கு அதைவிட நேரடியான தடை கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாட்டார் கலை மட்டும் வாடாமல் நிற்கிறது: பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டிக்குக் குடாநாடு முழுவதும் கடற்கரைக்கு வருகிறது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்ற பழைய வகைகளுக்கு மேலே இன்று பொறிமுறையோடு அசையும் உருவங்களையும் இளைஞர் வானத்தில் ஏற்றுகிறார்கள். இரவில் விண் என்ற ஒலிக்கருவி பூட்டிய பட்டத்தின் கூவல் ஊர் முழுவதும் கேட்கும். இது ஏன் பிழைத்தது? பிள்ளையே ஈர்க்குச் சீவுகிறது, பிள்ளையே முச்சை கட்டுகிறது, பிழைத்தால் அண்ணனிடமோ மாமனிடமோ போய் நிற்கிறது. அதைக் கற்பிக்கத் திட்டம் போட்டவர் எவருமில்லை. தடை செய்த சாதியுமில்லை. மாதக்கணக்கில் கையை வைத்து வேலை செய்தவனே கடற்கரையில் மற்றவன் பட்டத்தைப் பார்த்து அதன் சமநிலையை மெச்சுகிறான். கூத்து முற்றத்தில் நடந்த கல்வி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

பனையோலை வேலைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, குட்டான், கொட்டைப்பெட்டி என்று ஆச்சிமார் பின்னியவை அடுக்களையிலிருந்து மறைந்தபோது, ஓலை வார்ந்து கொடுத்து உதவிய பேரப்பிள்ளையின் வேலையும் மறைந்தது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை பயிற்சியும் சந்தையும் தந்து கைவினையைக் காத்துவருகிறது. ஆனால் அது இப்போது கடையில் வாங்கும் அழகுப் பொருள்.

வெளியே ஒரு நாட்டைப் பார்ப்பது உதவும். பிலிப்பைன்ஸை 333 ஆண்டுகள் ஸ்பானியர் ஆண்டார்கள். கத்தோலிக்க சமயத்தோடு வந்த கதைகளை அந்த மக்கள் தங்கள் மொழிச் செய்யுளிலும் தங்கள் நடையிலும் ஏற்றி 'கொமேத்யா' என்ற வீரக்கதை நாடகத்தையும், தவக்காலத்துச் 'செனாக்குலோ' என்ற திருப்பாடுகளின் நாடகத்தையும் ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் கரையோரத்துப் புனிதர் கூத்துகளுக்கும் தவக்காலத்து வியாகுலப் பிரசங்கத்துக்கும் தூரத்து உறவு என்று சொல்லத்தக்கவை அவை. பிள்ளைகள் விடயத்தில் அவர்கள் எங்களை முந்தினார்கள். பிரான்சிஸ்கா ரெயஸ் அக்கினோ என்ற ஆசிரியை 1920களிலிருந்து ஊர் ஊராகப் போய் நாட்டார் நடனங்களைக் குறித்தெடுத்து, பாடசாலை உடற்கல்வியில் சேர்ப்பித்தார். பிலிப்பைன்ஸ் பிள்ளை தன் நாட்டு ஆட்டத்தை ஆடி வளர்வது அதனால் சாதாரண விடயமாயிற்று. 1973இல் அவர் தேசியக் கலைஞராக மதிக்கப்பட்டார்.

1992இல் அந்நாடு ஒரு சட்டமும் இயற்றியது. மரபுக் கலையில் தேர்ந்த பெரியோருக்குத் தேசியப் பட்டமும் மாதக் கொடுப்பனவும் உண்டு. இளையவருக்குக் கற்பிப்பது அவர்களுடைய கடமை. அடுத்த ஆண்டு முதன்முதலில் அப்பட்டம் பெற்ற மூவரும் ஊர்ப்புறத்து ஆதிக்குடிக் கலைஞர். எங்களிடம் முதிய கலைஞருக்குக் 'கலாபூஷணம்' விருது உண்டு. பொன்னாடையும் சான்றிதழும் ஒரு தொகையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த அண்ணாவியாரின் முற்றத்துக்கு அடுத்த மாதம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இன்று பாடசாலைகளில் கூத்து இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டியில் நாட்டுக்கூத்தும் இசைநாடகமும் நிகழ்ச்சிகளாக உள்ளன. ஆசிரியர்கள் அரும்பாடு பட்டுப் பழக்குகிறார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய களரியில் பெண்பிள்ளைகள் ஆரியமாலையாகவும் காத்தானாகவும் பாடுகிறார்கள். இது பெரிய வெற்றி, அதை மனமார வரவேற்கிறேன். குறை எங்கேயென்றால், குறித்த நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டிய துண்டை வெல்வதற்காகப் பழகுவதில். பழகும் நாட்களில் முற்றத்தில் குந்தியிருந்து பார்க்கும் சின்னப் பிள்ளைகள் அங்கே இல்லை. போட்டி முடிந்ததும் உடுப்பு அலுமாரிக்குள் போய்விடும். புலம்பெயர்ந்த ஊர்களிலும் இதே நிலை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் காத்தான் கூத்துக்கும் தென்மோடிக்கும் மண்டபம் நிறைகிறது, ஆனால் நிறைப்பவர்கள் ஊரில் சிறுவராக இருந்து பார்த்தவர்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருப்பதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒத்திகை கிடைக்கவில்லை.

செய்யக்கூடியவை சிறியவைதான். போட்டிக்குப் பழக்கும் பாடசாலை வாரத்தில் ஒரு மாலையேனும் பயிற்சியை மதிலுக்கு வெளியே, ஊர்க் கோயில் வளவிலோ தேவாலய முற்றத்திலோ வைக்கலாம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் வந்து இருந்து பார்க்கட்டும். நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர் ஒரு முழுக் கூத்தை விடியும்வரை பார்த்து எழுதுவதைப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்கலாம். அப்படியொரு இரவை ஆண்டுக்கொருமுறை குருநகரிலும் வட்டுக்கோட்டையிலும் மாறி மாறி நடத்தப் பல்கலைக்கழகமும் மாகாணக் கல்வித் திணைக்களமும் செலவை ஏற்கலாம். விருது பெறும் அண்ணாவியாருக்கு மாதக் கொடுப்பனவு கொடுத்து, பழக்குவதற்கு ஒரு கொட்டிலும் மத்தளமும் வாங்கிக் கொடுக்கலாம். மேளகாரருக்கு விழாவில் மற்றக் கலைஞருக்குக் கொடுக்கும் கதிரையையும் சன்மானத்தையும் குறைவின்றிக் கொடுக்க வேண்டும், இதில் பேரம் இருக்கக் கூடாது. ஊரடங்கு எடுபட்டு ஆண்டுகள் பல ஆயிற்று. இரவு மறுபடி எங்கள் கையில் இருக்கிறது.